கொழும்புச் சம்பளமும் கைக்கு வரும் காசும்



தீபாவளிக்கு வந்த என் பழைய மாணவன் ஒருவன் ஹட்டன் பஸ் நிலையத்தில் என்னிடம் கைமாற்று கேட்டான். "ஐம்பதாயிரம் சம்பளம் சேர், கையில ஒன்னும் நிக்கல." தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 4,000 போக 46,000. அறைக்கு 15,000. சாப்பாடு நாளுக்கு 700 என்றாலும் மாதம் 21,000. பஸ், சவர்க்காரம், போன் கார்ட் 6,000. மிச்சம் 4,000. வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னதோ 15,000!

மாதம் ஒன்றரை இலட்சம் வரை சம்பளத்தில் வருமான வரி இல்லை. அதற்காக நாம் வரியே கட்டவில்லை என்று நினைக்காதீர்கள். 2024 ஜனவரி முதல் 18 சதவீதமான வற் வரி சவர்க்கார விலைக்குள்ளேயே இருக்கிறது.

சம்பளத் துண்டைக் கேட்டேன். தருவதில்லையாம். 8 சதவீதம் மட்டும் தவறாமல் பிடிக்கிறார்கள். முதலாளியின் 12 சதவீதமும் சேர்த்து மாதம் 10,000 இவன் பெயரில் போயிருக்க வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி கட்டும் 3 சதவீதம் வேறு. அதை நம் சம்பளத்தில் வெட்டவே கூடாது. இவனுக்கோ அங்கத்துவ இலக்கமே தெரியாது. செக்ரோலில் ஒரு நாள் பெயர் விடுபட்டால் ஆபீஸ் வாசலில் நிற்கிற அம்மாவின் பிள்ளை இவன்!

அடுத்த வாரம் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்க அவனோடு போகிறேன். இப்படிப் பிள்ளைகள் உள்ளவர்கள் இன்றே தலைவரிடம் பெயர் கொடுங்கள்.