கழுகுமலையும் நம் கடமையும்

(மகாவீரர் நிர்வாண நாள் விழாவில் ஆற்றிய உரை)



தீபாவளி நெருங்கினால் நாடு முழுதும் சிவகாசியை நினைக்கிறது. நமக்கோ அது மகாவீரர் வீடுபேறு எய்திய நாள். ஓசையின்றி விளக்கேற்றும் நாள். அச்சிவகாசியிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி வழியே சென்றால் கழுகுமலையை அடையலாம். நம் குடும்பத்தார் ஒருமுறையேனும் காண வேண்டிய திருத்தலம் அது.

அம்மலைப் பாறையில் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாக வீற்றிருக்கின்றன. அவற்றைப் புத்தர் சிலைகள் என்று கருதுவோரும் உளர். புத்தருக்குரிய சீவர ஆடை இல்லாமையையும், தலைமேல் நிழற்றும் முக்குடையையும் காட்டி, இவர் அருகர் என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்துங்கள். பார்சுவநாதர்மீது கமடன் பாறையை எறிய முனைகிறான். தரணேந்திரன் படம் விரித்துக் காக்கிறான். பெருமான் திருமுகத்திலோ சலனம் சிறிதும் இல்லை. கொடி படர்ந்த பாகுபலியும், சிங்கத்தோடு நிற்கும் அம்பிகையும் அங்கே காட்சி தருகின்றனர்.

திருவுருவங்களின் கீழுள்ள வட்டெழுத்துகள் அவற்றைச் செய்வித்தோரைக் கூறுகின்றன. அவர்கள் மன்னர் அல்லர். குயவர், தச்சர், கொல்லர், உழவர் போன்ற எளியோர். குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரும் ஆசிரியராக விளங்கினர். அவர்தம் மாணாக்கருள் ஆடவரும் இருந்தனர். நம் பெண்மக்கள் அறிந்து பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி இது.

அக்கல்வெட்டுகளில் குரண்டித் துறவியர் பெயரும் வருகின்றது. விருதுநகர் மாவட்டத்துக் குரண்டியில் அன்று திருக்காட்டாம்பள்ளி சிறந்திருந்தது. இன்று அப்பள்ளி இல்லை. அதன் கல்வெட்டுக் கற்கள் பள்ளிமடம் சிவன் கோயிலில் உள்ளன. வழிபடுவோர் அகன்றால் கோயிலுக்கு நேர்வது இதுவே.

தமிழ்ச் சமணர் இல்லங்கள் இன்று வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பக்கங்களிலேயே மிகுந்துள்ளன. தென்மாவட்ட மலைகளில் விளக்கேற்ற நம்மவர் இல்லை. தொல்லியல் துறை கல்லைக் காக்கலாம். அதன் பொருளைக் காக்க வேண்டியவர் நாமே.

ஆண்டுக்கு ஒருநாள் பிள்ளைகளுடன் அங்குச் செல்லுங்கள். திருவுருவங்களுக்கு எண்ணெய் பூசாதீர்கள். எழுத்துகள்மேல் சுண்ணக்கட்டியால் தீட்டாதீர்கள். அமைதியாக அமர்ந்து, செய்வித்த எளியோரின் பெயர்களைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் நமக்கென வைத்துச் சென்ற செல்வம் அது.

அறம் வளர்க! அருள் பெருகுக!