மூடிய வளாகமும் மூடக்கூடாத கதவும்



கொள்ளைநோய்க் காலத்தில் பல்கலைக்கழகங்கள் தம் வளாகங்களை மாணவர்க்கு மூடலாமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட வினா. 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, இதனை ஆராய நமக்கு நேரம் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. அடுத்த நோய் வருமுன் விடையைத் தேடி வைப்பது நம் கடமை.

மூட வேண்டும் என்பார் கூற்றில் வலிமை உண்டு. விடுதியில் ஓர் அறையைப் பலர் பகிர்கின்றனர். உணவுக்கூடத்திலும் விரிவுரை மண்டபத்திலும் நூற்றுக்கணக்கானோர் கூடுகின்றனர். கோவிட்-19 அறிகுறி தோன்றுமுன்னரே பிறரைத் தொற்றக்கூடியது. மாணவர் எளிதில் தேறலாம். அவர் தம்மையறியாமல் நோயை வீட்டுக்குக் கொண்டு சென்றால் தாத்தா பாட்டியருக்கு ஆபத்து மிகுதி.

ஆயினும் மூடுவதும் தீங்கற்றதன்று. ஆணைக்கு முந்திய நாள் பேருந்து நிலையங்களிலும் காவல் நிலையங்களிலும் திரண்ட கூட்டத்தை நாம் மறக்கவில்லை. திடீரென மூடினால், தடுக்க எண்ணிய நெரிசலை நாமே உண்டாக்குகிறோம்.

1665இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது, ஐசக் நியூட்டன் சொந்த ஊரான வூல்ஸ்தோர்ப்புக்குத் திரும்பினார். அங்கே கணிதத்திலும் ஒளியியலிலும் ஆழ்ந்தார். இதனை எடுத்துக்காட்டி மாணவரை ஊக்குவிப்போர் பலர். ஆனால், அவருக்கு அமைதியான ஒரு பண்ணை வீடு இருந்தது என்பதை நாம் சொல்ல மறந்துவிடுகிறோம். 2020இல் சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி, இணைய அலைவரிசை கிடைக்க வேண்டி மரத்தின்மேல் ஏறி அமர்ந்து தேர்வு எழுதினார். நாடே அவரது ஊக்கத்தைப் பாராட்டியது. பாராட்டியதோடு நாம் வெட்கப்பட்டிருக்கவும் வேண்டும். வளாகம் என்பது வெறும் கட்டடம் அன்று. வீட்டில் மேசையும் மின்விசிறியும் தனியறையும் இல்லாத பிள்ளைக்கு அவை அனைத்தும் அதுவே.

அவ்வாண்டு மே மாதம் உயர்கல்வி அமைச்சு, ஆண்டிறுதிவரை கற்றல் கற்பித்தல் இயங்கலையில் நடைபெறும் என அறிவித்தது. ஆய்வு மாணவர், ஆய்வுக்கூடமும் பட்டறையும் தேவைப்படும் இறுதியாண்டு மாணவர், வீட்டில் இணையமும் கற்கும் சூழலும் அற்றோர் முதலியோருக்கு விலக்களித்தது. நம் விடைக்கு வித்து இவ்விலக்கில் இருக்கிறது. அக்டோபரிலோ, மாணவர் பலர் பயணப்பட்ட பின்னரே பதிவு ஒத்திவைப்பு அறிவிக்கப்பட்டது. வழியிலேயே தவித்தோர் பலர். நல்ல முடிவும் காலந்தாழ்ந்தால் துன்பமாகும் என்பதற்கு இது சான்று.

எனவே நாம் கூறுவது இது: நோய் மிகும்போது விரிவுரை மண்டபத்தை மூடலாம், மூடவும் வேண்டும். ஆனால், போக்கிடம் அற்ற மாணவருக்கு விடுதிக் கதவை மூடக்கூடாது. யார் தங்க வேண்டியவர் என்பதை நோய் வந்தபின் கேட்பதைவிட, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கேட்டுப் பட்டியலிட்டு வைத்தல் வேண்டும். மூடும் நாளைப் போன்றே திறக்கும் நாளையும் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. திரையில் ஒரு மாணவர் முகம் காட்டாதிருந்தால், அதைச் சோம்பல் என எண்ணுமுன், அவர் எங்கிருந்து பேசுகிறார் என்று கேட்போம். மாணவச் செல்வங்களே, வசதி இல்லை என்று சொல்வதற்கு நீங்கள் நாண வேண்டியதில்லை. நீங்கள் சொன்னால்தான் அந்தப் பட்டியல் நிறைவுறும்.