வந்த பொறியியலாளர் ஏன் நிற்பதில்லை?



யாழ்ப்பாணத் தீவகத்தின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, பற்றரி, டீசல் நான்கையும் சேர்த்து மின்சாரம் கொடுக்கும் திட்டத்துக்கு 2024 மார்ச் 1ஆம் திகதி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியாவின் நன்கொடை ஏறக்குறைய 1 கோடி 10 இலட்சம் டொலர். வேலையை எடுத்தது ஒரு பெங்களூரு நிறுவனம். சூரிய ஒளியில் 1,700 கிலோவாற், காற்றில் 530, சேமித்து வைக்க 2,400 கிலோவாற் மணி பற்றரி, வெயிலும் காற்றும் கைவிட்டால் ஓட 2,500 கிலோவாற் டீசல் இயந்திரம். டீசல் ஜெனறேற்றரையே நம்பிக் கிடந்த தீவுகளுக்கு இது பெரிய மாற்றம்.

இயந்திரம் வரும். அதைப் பார்க்க ஆள் நிற்குமா?

உப்புக் காற்றில் இணைப்புகள் துருவேறும். பற்றரி அறையின் சூட்டைக் கவனிக்க வேண்டும். எப்போது டீசலுக்கு மாற வேண்டுமென்று கட்டுப்பாட்டுக் கருவி எடுக்கும் முடிவை ஒருவராவது விளங்கி வைத்திருக்க வேண்டும். கொழும்பிலிருந்து அந்த ஆள் வருவதென்றால் யாழ்ப்பாணம் வரை சுமார் 400 கிலோமீற்றர், பிறகு பண்ணைப் பாலம், குறிகட்டுவான், அங்கிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலக் கடல். கடல் கொந்தளித்தால் படகும் இல்லை.

"வாறவங்கள் நிக்கிறாங்கள் இல்லை" என்பது தீவகத்தில் பழைய கதை. ஆசிரியர், மருத்துவர், மின்சாரப் பகுதி ஊழியர் என்று எவரானாலும், நியமனக் கடிதத்தின் மை காயுமுன் இடமாற்ற விண்ணப்பம் எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வது அநியாயம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எங்கே, தாய்க்கு வருத்தம் வந்தால் இரவில் படகு உண்டா, தங்க நல்ல விடுதி உண்டா? இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு ஒருவரை எத்தனை நாள் பிடித்து வைக்கும்? பொருளாதார நெருக்கடி வெடித்த 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வேலைக்கென்று பதிந்து வெளிநாடு போனார்கள். கட்டார் கொடுக்கும் சம்பளத்தோடு அனலைதீவு போட்டி போட முடியாது.

சம்பளத்தால் வெல்ல முடியாத இடத்தில் என்ன செய்வது? கோயம்புத்தூர் இதற்கு வழி கண்ட ஊர். 1926இல் அங்கே தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தில் பட்டறையும் படிப்பும் ஒரே வளவுக்குள் இருந்தன. பம்பும் மோட்டாரும் செய்யும் இடத்திலேயே பிள்ளைகள் தொழில் பழகினார்கள். தொழிலறிந்த ஆளை வெளியூரில் தேடாமல் ஊரிலேயே உருவாக்கிக்கொண்ட நகரம் அது. நமது காலத்தில் சோஹோ மென்பொருள் நிறுவனம் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை உதவிப்பணம் கொடுத்துப் பயிற்றி வேலைக்கு எடுக்கிறது. 2011இல் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறைக் கிராமத்துக்கே ஓர் அலுவலகத்தைக் கொண்டுபோனது. ஆள் நகரத்துக்குப் போகாமல் வேலை ஆளிடம் வந்தது.

தீவகத்துக்கு இதற்கான படிக்கட்டு ஏற்கெனவே உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. அதே இடத்தில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016இலிருந்து மின், இயந்திரத் தொழில்களைக் கற்பிக்கிறது. நெடுந்தீவில் பிறந்த பிள்ளை அங்கே படித்துவிட்டு நெடுந்தீவு மின்நிலையத்துக்கே வேலைக்கு வந்தால், அவருக்கு வீடு தேட வேண்டியதில்லை, கடலும் புதிதில்லை. எஞ்சியிருப்பது மதிப்பும் முன்னேற்றமும்தான். பத்து வருடம் கழித்தும் அதே படியில் நிற்க வைத்தால் அவரும் போய்விடுவார், போகவும் வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியதை இப்போதே கேட்போம். பராமரிப்பு வேலைக்குத் தீவுப் பிள்ளைகளை எடுக்க வேண்டும். பொருத்தும் நாளிலிருந்தே அவர்கள் வெளியூர்ப் பொறியியலாளர் பக்கத்தில் நின்று பழக வேண்டும். பயிற்சிக் காலத்துக்கும் சம்பளம் வேண்டும். தொழில்நுட்பவியலாளராகச் சேர்பவர் படித்து மேற்பார்வையாளராக உயரும் வழியை நியமனக் கடிதத்திலேயே எழுதித் தர வேண்டும். இந்த ஊர்க் கூட்டம் கலையுமுன் இவற்றை ஒரு மனுவாக எழுதி, கையெழுத்திட்டு, மின்சார சபைக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்கும் அனுப்புவோம்.