நம் வலைமனையை நாமே எழுப்புவோம்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



சென்ற திங்கட் கூட்டம் முடிந்தபின் இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “ஐயா, எனக்கென ஒரு வலைப்பூ வேண்டும். எழுதுதற்குச் செய்தி உண்டு, ஊக்கமும் உண்டு. ஆனால் அதனை அழகாக அமைத்துத் தர வடிவமைப்பாளர் ஒருவர் நாற்பதாயிரம் உருபா கேட்கின்றார். அஃது என் இரண்டு திங்கள் ஊதியம். என் செய்வது?” என வினவினார். “அப்பணத்தைத் தர வேண்டா, ஏழு மாலைப் பொழுதுகளைத் தாருங்கள், போதும்” என்றேன். அவ்விடையின் விரிவே இன்றைய உரை.

விரிவுக்குள் புகுமுன் என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகின்றேன்.

எனக்கு மூத்தவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ஊரூராய் நடந்து, முதிய உழவர்களின் திண்ணைகளில் அமர்ந்து, உழவுச் சொற்களைத் திரட்டியவர். மேழி, கொழு, நுகம், ஏர்க்கால் என நாமறிந்த சொற்கள் அல்ல. ஓர் ஊரில் வழங்கி அடுத்த ஊரில் வழங்காத சொற்கள். அகரமுதலிகளில் ஏறாதவை. அவற்றை இணையத்தில் ஏற்ற அவர் விரும்பினார். வடிவமைப்பு அலுவலகம் ஒன்றிற்கு அவரை அழைத்துச் சென்றவனே யான். அவர்தம் சேமிப்பிலிருந்து பெருந்தொகை பெற்று, அசையும் படங்களும் மின்னும் தலைப்புகளுமாக ஒரு தளத்தை அமைத்துத் தந்தனர். அழகாகத்தான் இருந்தது. ஏழாண்டுகள் அவர் அதில் எழுதினார். பிற்பாதியில் சுவடியில் எழுதுவதையும் விடுத்து நேரே அதிலேயே பதிந்தார்.

ஒருநாள் தளம் திறக்கவில்லை. அலுவலகத்தைத் தேடிப் போனோம். அது பூட்டிக் கிடந்தது. அதன்பின்னரே உண்மை விளங்கிற்று. தளத்தின் முகவரி பெரியவர் பெயரில் பதியப்படவே இல்லை. அவ்வலுவலகத்தார் பெயரில் இருந்தது. ஆண்டுக் கட்டணம் கட்டப்படாமையால் அது கைமாறிப் போயிற்று. இன்று அம்முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுகின்றது. சுவடியில் இருந்த பாதி எஞ்சியது, மறுபாதி போயிற்று. மீண்டும் கேட்டு எழுதலாம் எனின், சொல்லியவருட் பலர் மறைந்துவிட்டனர்.

அன்பர்களே! பிறரைக் கூலிக்கு அமர்த்தியது அவர்செய்த பிழையன்று. வீட்டைக் கட்டுவித்தவர் திறவுகோலைக் கேட்டு வாங்காமையே பிழை. அதனை அறியாமல் அழைத்துச் சென்றமை என் பிழை. வலைமனையை நாமே அமைத்துக்கொள்ள வேண்டுமென்று யான் கூறுவது பணத்தை மிச்சப்படுத்துதற்கு மட்டுமன்று. தன் கையாற் கட்டியவனுக்கே தன் வீட்டின் வாயில் எது, தூண் எது, திறவுகோல் எது எனத் தெரியும்.

“எமக்குக் கணினி நிரல் தெரியாதே” எனச் சிலர் தயங்கலாம். தயக்கம் வேண்டா. உலகளாவிய வலையைத் திம் பெர்னர்சு-லீ என்பார் 1989-இல் செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றுங்கால் முன்மொழிந்தார். 1993 ஏப்பிரல் 30-ஆம் நாள் அவ்வாய்வகம், எவரும் கட்டணமின்றிப் பயன்கொள்ளலாமென அதனைப் பொதுவுடைமையாக்கிற்று. 1999-இல் பிளாகர் தோன்றியது. 2003-இல் கூகுள் நிறுவனம் அதனை வாங்கியது. அதே 2003 மே திங்களில் வேர்டுபிரசு என்னும் மென்பொருள் வெளிவந்தது. அதன் மூலநிரலை எவரும் பெறலாம், திருத்தலாம், பகிரலாம். இன்று உலக வலைத்தளங்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை அதன்மீதே இயங்குகின்றன. தமிழெழுத்தோ, 1991-இல் வந்த ஒருங்குறி முதற்பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது; 2010-இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்றது. அதற்குமுன் ஆளுக்கொரு குறியீடாக எழுதி, ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் வெறுங்கட்டங்களாகத் தெரிந்து நாம் இடர்ப்பட்ட காலமும் இருந்தது. இன்று அத்தடை இல்லை. கருவிகளெல்லாம் நம் வாயிலில் வந்து கிடக்கின்றன, எடுத்தாளுதலே குறை.

இனி, அவ்வேழு மாலைகள்.

முதல் மாலை கணினியைத் திறக்க வேண்டா. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். யாருக்காக எழுதுகின்றோம், எதைப்பற்றி எழுதுகின்றோம் என ஈரிரு வரிகளில் எழுதுங்கள். அதன்கீழ்த் தளத்தின் பகுதிகளைக் குறியுங்கள்: முகப்பு, கட்டுரைகள், எம்மைப்பற்றி, தொடர்பு. நான்கைந்துக்குமேல் வேண்டா. எங்குச் செல்வது என்று தெரியாமல் படிப்பவர் திகைத்தால், அத்தளம் எத்துணை ஒப்பனை உடையதாயினும் அழகன்று.

இரண்டாம் மாலை, இடமும் முகவரியும். பிளாகர் கட்டணமின்றி இடம் தருகின்றது, பழகுதற்கும் எளிது. தொடங்குவார்க்கு அதுவே சாலும். வேர்டுபிரசு மென்பொருளை நம் பொறுப்பில் நிறுவிக்கொள்ளின் உரிமை மிகுதி. ஆனால் வழங்கியில் இடம்பெற ஆண்டுதோறும் சில ஆயிரம் உருபா செலவாகும். எவ்வழியாயினும் தனிமுகவரி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஆயிரம் உருபாவில் ஓராண்டுக்குக் கிடைக்கும். இடத்தை நாளை மாற்றிக்கொண்டாலும் முகவரி நம்முடனே வரும். அதனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையாலேயே பதிவு செய்யுங்கள். பெரியவர் இழந்தது இந்த ஒன்றனால்தான்.

மூன்றாம் மாலை, வார்ப்புருவைத் தெரிவுசெய்தல். ஆயத்த வார்ப்புருக்கள் நூற்றுக்கணக்கில் விலையின்றிக் கிடைக்கின்றன. 2018-இல் வேர்டுபிரசில் கட்டம் கட்டமாக அடுக்கியெழுதும் முறை வந்தது. 2022 முதல் தளம் முழுவதையுமே அவ்வாறு அடுக்கி அமைக்கலாம். கொலுவில் பொம்மை மாற்றி வைப்பதுபோல் தலைப்பையும் படத்தையும் நகர்த்தி வைக்கலாம், நிரலறிவு வேண்டா. மிக எளிய வார்ப்புருவையே தேர்ந்தெடுங்கள். அதிலுள்ள நாட்காட்டி, கடிகாரம், ஓடும் எழுத்து, வருகையாளர் எண்ணிக்கை முதலிய ஒட்டுகளை நீக்குங்கள். களைபறித்த வயலே பயிரைக் காட்டும்.

நான்காம் மாலை, எழுத்து. இம்மாலையே தலையாயது. பெரும்பாலான வார்ப்புருக்கள் உரோம எழுத்தை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. நம் எழுத்தின் இயல்பு வேறு. ‘கி, கீ’ என மேலே விலங்கு எழும். ‘கு, கூ’ எனக் கீழே சுழி இறங்கும். ஆகலின் வரிக்கும் வரிக்கும் இடையே இடைவெளி மிகுதியாக வேண்டும். எழுத்தளவின் ஒன்றேமுக்கால் மடங்கு வரியுயரம் வைத்துப் பாருங்கள். நெரிசல் நீங்கிப் பக்கம் மூச்சுவிடும். எழுத்தளவைப் பதினெட்டுப் புள்ளியளவில் வையுங்கள். முதியோர் கண்ணுக்கும் அஃது ஒத்துவரும்.

இருபுறமும் வரியைச் சமன்செய்யாதீர்கள். நம் சொற்கள் நீளமானவை. குறுகிய திரையில் அவற்றை இருபுறமும் இழுத்தால் சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழும். இடப்புறம் மட்டும் ஒழுங்காக நிற்கட்டும். எழுத்தைச் சாய்த்தலும் வேண்டா. அது நம் எழுத்துக்கு இயல்பன்று, படிப்பதற்கும் கடினம். வலியுறுத்த விரும்பின் தடித்த எழுத்தை அளவாக ஆளுங்கள்.

நல்ல எழுத்துருக்கள் கட்டணமின்றியே உள்ளன. நோட்டோ குடும்பத்துத் தமிழ் எழுத்துரு, முக்தா மலர், மீரா இனிமை, கட்டமரான் முதலியவற்றைக் கூகுளின் எழுத்துருத் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கட்டமரான் என்றதும் வேற்றுமொழிச் சொல் என்று எண்ணிவிடாதீர்கள். நம் கட்டுமரம் கடல்கடந்து போய்ப் பெயர் திரிந்து திரும்பி வந்திருக்கின்றது! தலைப்புக்கு ஒன்று, உரைக்கு ஒன்று என இரண்டே எழுத்துருக்கள் போதும். மூன்றாவது சேர்ந்தால் சந்தைக்கடைப் பலகையாகிவிடும்.

ஐந்தாம் மாலை, வண்ணமும் அகலமும். எழுத்துக்கு ஒரு வண்ணம், பின்னணிக்கு ஒரு வண்ணம், இணைப்புகளுக்கு ஒரு வண்ணம்; இம்மூன்றே போதும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிவேறுபாடு நான்கரைக்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறைதலாகாது என்பது உலகளாவிய வலை நெறிமுறை. அதனை அளந்து காட்டும் கருவிகளும் இணையத்தில் உண்டு. வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைமேல் எழுதுவது இன்று பலர்க்கு நாகரிகமாகப் படுகின்றது. படிக்க முடியாத நாகரிகம் எற்றுக்கு? வரியின் அகலம் எட்டு அல்லது பத்துச் சொற்கள் அடங்குமளவு இருக்கட்டும். பின்னர்க் கைப்பேசியில் திறந்து பாருங்கள். படிப்பவருட் பெரும்பாலார் அங்குத்தான் படிக்கின்றனர். விரலால் பெரிதாக்கிப் படிக்கவேண்டிய நிலை இருப்பின், வேலை இன்னும் முடியவில்லை என்பது பொருள்.

ஆறாம் மாலை, படங்களும் தலைப்புகளும். கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்கக் காலந் தாழும். சிற்றூரில் மெல்லிய இணைப்பில் இருப்பவர் காத்திராமல் அகன்றுவிடுவார். ஆயிரத்து இருநூறு புள்ளி அகலத்திற்குக் குறைத்து, சுருக்கி ஏற்றுங்கள். ஒவ்வொரு படத்திற்கும் ஒருவரி விளக்கம் எழுதுங்கள். கண்பார்வை அற்றோர்க்குக் கணினி அவ்வரியைத்தான் படித்துக் காட்டும். தலைப்புகளையும் எழுத்தாகவே எழுதுங்கள், படமாக்கி ஒட்டாதீர்கள். பெரியவர் தளத்தில் தலைப்புகளெல்லாம் படமாக இருந்தன. படத்திலுள்ள சொல்லைத் தேடுபொறி எளிதில் கண்டுகொள்வதில்லை. உழவுச் சொல் தேடிவந்த ஒருவர் அத்தளத்தைக் கண்டடையாமலே போயிருப்பார்.

ஏழாம் மாலை, திறவுகோலும் காப்பும். கடவுச்சொல்லை நீளமாக அமையுங்கள். இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். முகவரிக் கட்டணம் முடியும் நாளைச் சுவர் நாட்காட்டியில் எழுதுங்கள். திங்கள்தோறும் தளத்தின் முழுப்படி ஒன்றை எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். பிளாகரிலும் வேர்டுபிரசிலும் எழுதியவற்றைப் படியெடுக்கும் ஏந்து உள்ளேயே அமைந்திருக்கின்றது. சில நொடிகளில் முடியும். பெருநிறுவனத்தின் இடத்தில் இருக்கின்றோம், என்ன ஆகும் என்று வாளாவிருத்தல் கூடாது. இலக்கக்கணக்கான மக்கள் தம் பக்கங்களை அமைத்திருந்த சியோசிட்டீசை யாகூ நிறுவனம் 1999-இல் வாங்கியது, 2009-இல் மூடிவிட்டது. குடிக்கூலி வீட்டிலிருப்பவன் தன் பெட்டியைக் கட்டிவைத்திருக்க வேண்டும்.

இவ்வளவுதான் அன்பர்களே! வடிவமைப்பாளர் எவரும் வேண்டா என்று யான் கூறவில்லை. அஃது ஓர் அருங்கலை. அதனைப் பயின்றவர் மதிக்கத்தக்கவர். பெருவணிகம் நடத்துவார்க்கும், பணம் பெற்றுப் பொருள் விடுப்பார்க்கும் அவர்தம் துணை தேவை. தரவேண்டிய கூலியைக் குறைக்காமல் தருக. ஆனால் எழுதிப் படிப்பிக்க விரும்பும் ஒருவர்க்கு வேண்டிய அழகு, ஒழுங்கும் தெளிவுமே. தன் கட்டுரையைப் பத்தி பிரித்து எழுதத் தெரிந்தவர்க்கு அவ்வழகு புதிதன்று. வாய்ப்பு இருப்பின் அவர் வடிவமைப்பாளரையும் அமர்த்தட்டும். திறவுகோலை மட்டும் தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும்.

அப்பெரியவரைப்பற்றிச் சொல்லி முடிக்கின்றேன். அவர்க்கு இப்பொழுது அகவை எண்பதைக் கடந்துவிட்டது. சென்ற ஆண்டு, பள்ளியிற் படிக்கும் தம் பெயர்த்தியை அருகில் வைத்துக்கொண்டு தாமே ஒரு வலைப்பூ அமைத்தார். ஏழு மாலைகளில் முடியவில்லை; இருபது மாலைகள் ஆயின. பனையோலை வண்ணப் பின்னணியில் கரிய எழுத்து, மின்னுவது ஒன்றுமில்லை. எஞ்சிய பாதிச் சொற்களை நாள்தோறும் ஐந்து ஐந்தாக ஏற்றுகின்றார். போன பாதியில் நினைவுக்கு வருவனவற்றைத் தனிப்பக்கத்தில், ‘உறுதிசெய்ய வேண்டியவை’ என்னும் தலைப்பில் எழுதுகின்றார். அப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, “இச்சொல் எங்கள் ஊரிலும் உண்டு” என்று தொலைவிலிருந்து எழுதுவோர் சிலர் வரத் தொடங்கியுள்ளனர்.

சென்ற கிழமை அவரைக் காணச் சென்றேன். கடவுச்சொல் எழுதிய தாளை மடித்து மடியிற் செருகியிருந்தார். “இம்முறை இஃது எவரிடமும் இல்லை” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், சினந்து சொல்லவில்லை.

உங்களிடமும் சொல்லத்தக்க செய்தி இருக்கும். நாளை மாலையே ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுங்கள்.