மேற்சபையின் வாயில்கள்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தின் முடிவில் நம் பெரியவர் ஒருவர் எழுந்து, “நம் மாநிலத்தில் மேற்சபை மீண்டும் ஏற்படுமாயின், நம்மவர் ஒருவர்க்கு அதில் நியமனம் கிடைக்குமாறு இப்பொழுதே விண்ணப்பம் ஒன்று எழுதி வைத்தல் நலமன்றோ?” என வினவினார். பலரும் கைதட்டினர். தமிழாசிரியன் எழுதினால் நடை நன்றாயிருக்கும் என்று கூறி அப்பணியை என் தலைமேற் சுமத்தினர். யானும் மறுத்திலேன். எழுதுமுன் அச்சபையின் வரலாற்றை ஒருமுறை படித்துத் தெளிவோம் எனக் கருதிப் படிக்கலானேன். படித்து முடித்தபின் என் எழுதுகோல் ஓடவில்லை. அஃது ஏன் ஓடவில்லை என்பதனை உங்கள்முன் எடுத்துரைப்பதே இன்றைய என் கடமையாகும்.

ஒரு சபையின் தகுதியை அதன்கண் வீற்றிருப்போரைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. அவர்கள் எவ்வாயிலாற் புகுந்தனர், அவ்வாயிலின் திறவுகோல் எவர் கையில் இருந்தது என்பதனையும் நோக்குதல் வேண்டும். இது நம் நாட்டிற்குப் புதிய எண்ணமன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்தரமேரூர்க் கல்வெட்டு குடவோலைத் தேர்தலுக்கு விதி வகுத்தது. கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையார் பெயரையே ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். கணக்குக் காட்டாதார் பெயர் விலக்கப்பட்டது. நிலம் ஒன்று, கல்வி ஒன்று என இரண்டு வாயில்களை அன்றே காண்கின்றோம். ஆயிரம் ஆண்டு கழித்து எழுந்த சென்னைச் சட்டசபையின் வரலாறும் இவ்விரண்டு வாயில்களையே சுற்றிச் செல்வதை இனிக் காண்போம்.

சென்னை மாகாணத்துச் சட்டசபை 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிறந்தது. அப்பொழுது தேர்தல் என்னும் சொல்லே இல்லை. கவர்னர் விரும்பியவரை அமர்த்தினார். 1892-இல், நகரசபைகளும் ஜில்லா போர்டுகளும் பல்கலைக்கழகமும் சிலரைப் பரிந்துரைக்க, அரசாங்கம் அவரை நியமிக்கும் முறை வந்தது. 1909-ஆம் ஆண்டு மிண்டோ மார்லி சீர்திருத்தத்திற்குப் பின்னரே தேர்தல் எனத் தக்கது ஏற்பட்டது. அதுவும் பெரும்பாலும் பொதுமக்கள் நேரே வாக்களித்த தேர்தலன்று.

1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920-இல் நடந்த தேர்தலில் 98 உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். பிராமணரல்லாதார்க்கென 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. நீதிக்கட்சி வென்று மந்திரிசபை அமைத்தது. ஆயினும் வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ 12 லட்சம் பேரே. மாகாணத்தின் மக்கட்டொகையோ 4 கோடிக்கு மேல். நூற்றுக்கு மூவர் என்க. நிலவரியும் சொத்துவரியும் செலுத்துவோரே வாக்காளர். 1921-இல் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கப்பெற்றது; இந்திய மாகாணங்களுள் இதனை முதலிற் செய்தது சென்னையே. ஆனால் அப்பெண்ணும் சொத்துடையவளாதல் வேண்டும்.

இவ்விடத்தில் நியமனத்தைப் பற்றி ஒரு நல்ல சொல்லும் கூறாது சென்றால் யான் நடுநிலை பிறழ்ந்தவனாவேன். நிலமில்லாதார்க்கு வாக்கில்லாத அக்காலத்தில், நியமனம் என்னும் சிறு திட்டிவாசல் வழியாகவே சிலர் உள்ளே புக முடிந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1923-இல் நியமனத்தாற் புகுந்தார். பொதுத்தெருக்களிலும் பொதுக்கிணறுகளிலும் எவரையும் தடுத்தலாகாது என்னும் தீர்மானத்தை 1924-இற் கொண்டுவந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் நியமனத்தாற் புகுந்தவரே. உட்புகுந்தபின் உறுப்பினர் அவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய முயற்சி 1947-இற் சட்டமாய்க் கனிந்தது. பெருங்கதவு அடைத்திருந்த வீட்டில் திட்டிவாசல் அறம் செய்தது என்பதனை மறுப்பார் இலர். பெருங்கதவு திறந்தபின்னரும் திட்டிவாசலையே நாடுதல் தகுமோ என்பதே கேள்வி.

நிற்க. இதுகாறும் கூறியது ஒற்றைச் சபையின் கதை. மேற்சபை, கீழ்ச்சபை என இரண்டாகப் பிரிந்தது 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தால். 1937-இல் முதன்முதலாக மேற்சபைக்குத் தேர்தல் நடந்தது. தேர்தலால் நிரப்ப வேண்டிய இடங்கள் 46. பொது 35, முஸ்லிம்கள் 7, இந்தியக் கிறிஸ்தவர் 3, ஐரோப்பியர் 1. இவற்றின்மேல் 8 முதல் 10 பேர் வரை கவர்னர் நியமிப்பார். காங்கிரஸ் 26 இடங்களை வென்றது. இத்தேர்தலில் வாக்காளர் நேரே வாக்களித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் அவ்வாக்காளர் யாவர்? பெருநிலக்கிழார், பெருவரி செலுத்துவோர், சர்க்கார் பட்டம் பெற்றோர், உயர்பதவி வகித்தோர் முதலாயினோர். 1946-ஆம் ஆண்டுத் தேர்தலும் இவ்வடிப்படையிலேயே நடந்தது. ஆக, நேரடித் தேர்தல் இருந்தது, பொதுமக்கள் இல்லை.

குடியரசு மலர்ந்து அரசியலமைப்புச் சட்டம் வந்தபின் சட்டசபைக்கு வயதுவந்தோர் யாவர்க்கும் வாக்கு என்றாயிற்று. மேற்சபைக்கோ வேறு வழி வகுத்தனர். அச்சட்டத்தின் 171-ஆம் பிரிவின்படி மூன்றிலொரு பங்கினரை உள்ளாட்சி மன்றத்தாரும், மூன்றிலொரு பங்கினரைச் சட்டசபை உறுப்பினரும், பன்னிரண்டிலொரு பங்கினரைப் பட்டதாரிகளும், பன்னிரண்டிலொரு பங்கினரை ஆசிரியரும் தேர்ந்தெடுப்பர். எஞ்சிய ஆறிலொரு பங்கினரைக் கவர்னர் நியமிப்பர். அவர்கள் இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகத்தொண்டு ஆகியவற்றில் தேர்ந்தோராதல் வேண்டும். 1952-இல் 72 உறுப்பினரைக் கொண்டிருந்த நம் மேற்சபை, 1953-இல் ஆந்திரம் பிரிந்தபின் சுருங்கி, 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 63 ஆயிற்று. அவருள் 21, 21, 6, 6, 9 என்பது பங்கீடு. சபை ஒருபோதும் முழுதும் கலையாது. இரண்டாண்டிற்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் விலக, அவ்விடங்கட்குத் தேர்தல் நடக்கும்.

வாக்களிக்கும் முறையும் வேறு. ஒருவர்க்கு மட்டும் முத்திரை குத்துவதன்று. விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என எண் எழுதுதல் வேண்டும். இதன் நயத்தைக் கணக்கினால் விளக்குவேன். 234 பேர் கொண்ட சட்டசபை ஒரே முறையில் 7 பேரைத் தேர்ந்தெடுப்பதாகக் கொள்வோம். 234-ஐ எட்டால் வகுத்து, வரும் முழுவெண்ணோடு ஒன்று கூட்டினால் 30 வரும். முப்பது பேர் ஒரு பெயர்க்கு முதலெண் இடின் அவர் வென்றவராவார். தேவைக்கு மிஞ்சிய வாக்குகள் அடுத்த விருப்பத்தார்க்குச் செல்லும். ஆதலின் ஆளுங்கட்சி எத்துணைப் பெரிதாயினும், முப்பது பேர் உடைய சிறுகட்சியும் ஒருவரை அனுப்பலாம். எண்ணிக்கையிற் குறைந்தோர்க்கும் இடந்தருவதில் இம்முறை சிறந்ததே என்பேன்.

இனி, கல்வி என்னும் வாயிலுக்கு வருவோம். எங்கள் குலத்தொழில் போல் ஆசிரியத் தொழில் எங்கள் வீட்டில் வழிவழி வருவது. என் பாட்டனார் ஒரு சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியர். அவரிடம் அரிச்சுவடி பயின்ற மாணவர் ஒருவர் பின்னாளிற் பட்டம் பெற்று நகரத்து உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியராயினார். மேற்சபைத் தேர்தல் வந்த ஓராண்டில் அவர் பாட்டனாரை வந்து கண்டு, “ஐயா, பட்டதாரி தொகுதியிலும் எனக்கு வாக்குண்டு, ஆசிரியர் தொகுதியிலும் வாக்குண்டு. எவர்க்கு 1 என்று எழுதலாம்? தாங்கள் சொன்னால் அவ்வாறே செய்வேன்” என்று கேட்டாராம். பாட்டனார் சிரித்து, “தம்பி, உனக்கு 1, 2, 3 எழுதக் கற்பித்தவன் நான். அதை எங்கே எழுதுவதென்று நீயே பார்த்துக்கொள். அந்தச் சீட்டு எனக்கு வருவதில்லை” என்றாராம். என் தந்தையார் இதனைப் பலமுறை சொல்லக் கேட்டிருக்கின்றேன். சொல்லும்போது அவர் ஒருநாளும் சிரித்ததில்லை.

என்னை காரணம்? இடைநிலைப்பள்ளிக்குக் குறையாத பள்ளியிற் கற்பிப்போர்க்கே ஆசிரியர் தொகுதியில் வாக்கு என்பது சட்டம். அகரம் கற்பித்தவர்க்கு இடமில்லை; அணியிலக்கணம் கற்பிப்பவர்க்கு உண்டு. அடித்தளம் இட்ட கொற்றனை வாசலில் நிறுத்தி, மாடத்திற்கு வண்ணம் தீட்டியவனை மட்டும் விருந்திற்கு அழைத்தது போலாம் இது. அம்மாடத்தில் வண்ணம் தீட்டும் தொழிலே எனக்கும். ஆதலின் என் நலம் கருதி இதனைக் கூறுகின்றேன் அல்லேன்.

பட்டதாரி தொகுதியில் நிகழ்ந்த வேடிக்கையையும் கேளுங்கள். நம் மேற்சபையின் பட்டதாரி தொகுதி ஒன்றிற் பட்டம் பெறாத ஒருவர் நின்று வென்றார். அது செல்லாது என்று வழக்கெழுந்தது. உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. உச்சநீதிமன்றம் 1972-இல், வாக்களிப்போர்க்கே பட்டம் வேண்டும், தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு வேண்டும் எனச் சட்டத்தில் இல்லை என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பே. பட்டமில்லாதான் சட்டம் இயற்றத் தகுதியுடையான் எனின், அவன் வாக்களிக்க மட்டும் தகுதியற்றவன் ஆவது எவ்வாறு என்னும் வினாவிற்கு இன்றுகாறும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

நியமன வாயிலைப் பற்றி இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துக் காட்டுவேன். 1952-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் 375 இடங்களுள் காங்கிரஸ் 152 மட்டுமே பெற்றது. தேர்தலில் நில்லாத இராஜாஜியைக் கவர்னர் ஸ்ரீபிரகாசா மேற்சபைக்கு நியமித்தார், அவர் முதலமைச்சரானார். அதனை எதிர்த்துப் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் பி. ராமமூர்த்தி தொடுத்த வழக்குத் தள்ளுபடியாயிற்று. இராஜாஜி இலக்கியம் வல்லவர். சட்டத்திற் குறை காண்டல் அரிது. ஆயினும் 1953-இல் அவர் கொணர்ந்த திட்டத்தால் கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகட்கு நாளொன்றுக்கு 3 மணி நேரமே வகுப்பு. எஞ்சிய பொழுது பெற்றோர் தொழிலைப் பயிலல் வேண்டும் என்றாயிற்று. குலக்கல்வி என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பைக் கேட்டு அஞ்சுதற்கு அவர்க்கெனத் தொகுதி ஒன்று இருந்ததில்லை. 1954-இல் அவர் விலக, காமராசர் முதலமைச்சரானார். அவரும் அப்பொழுது சட்டசபை உறுப்பினர் அல்லர். மேற்சபை வழி அவர்க்கும் திறந்தே இருந்தது. அவரோ குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, மக்களிடம் வாக்குக் கேட்டு வென்றார். அத்திட்டமும் அவ்வாண்டே கைவிடப்பட்டது. பட்டம் பெறாத அப்பெருமகன் எவ்வாயிலைத் தேர்ந்தார் என்பதனை நம் இளைஞர் மறவாதிருப்பாராக.

மேற்சபை வழி வந்தோரெல்லாம் குறையுடையோர் என்று யான் கூறவில்லை. 1967-இல் அறிஞர் அண்ணா முதலமைச்சரானபின் மேற்சபைக்கே தேர்ந்தெடுக்கப்பெற்றார். மக்கள் அவர் கட்சிக்கே பெருவெற்றி தந்திருந்தமையின் அதனை எவரும் குறை கூறிலர். சிலம்புச் செல்வர் ம.பொ.சி. 1978 முதல் 1986 வரை தலைவராயிருந்து அச்சபையை அணி செய்தார்.

அச்சபை முடிந்ததும் நியமனத்தை ஒட்டியே. 1986-இல் திரைப்பட நடிகை ஒருவர் நியமனம் பெற்றார். கடன் தீர்க்க இயலாதவர் என முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தமையால் அவர் பதவியேற்க இயலாதாயிற்று. சின்னாட்களுள், மே 14-இல், சட்டசபை மேற்சபையை ஒழிக்கத் தீர்மானித்தது. பாராளுமன்றம் சட்டம் இயற்ற, நவம்பர் 1-இல் மேற்சபை மறைந்தது. 1989-இலும் 1996-இலும் அதனை மீட்கத் தீர்மானங்கள் நிறைவேறின. ஆட்சி மாறியபோது அவை திரும்பப் பெறப்பட்டன. 2010-இற் பாராளுமன்றம் 78 உறுப்பினர்க்குச் சட்டமே இயற்றியது. தேர்தல் நடவாமுன்னமே ஆட்சி மாறி, 2011-இல் அம்முயற்சியும் நின்றது. இன்று இந்தியாவில் ஆறு மாநிலங்களில் மட்டுமே மேற்சபை உண்டு.

ஒன்றைக் கருதுக. 78 இடங்கள் என்று 2010-இல் வகுத்தபோதும் உள்ளாட்சிக்கு 26, சட்டசபைக்கு 26, பட்டதாரிக்கு 7, ஆசிரியர்க்கு 7, நியமனத்திற்கு 12 என்பதே பங்கீடு. என் பாட்டனாரை வாசலில் நிறுத்திய விதி அப்படியே இருந்தது. அதனை மாற்ற வழியில்லையோ எனின், உண்டு. பாராளுமன்றம் வேறுவகையாகச் சட்டம் இயற்றும்வரையே இவ்வமைப்பு என்று 171-ஆம் பிரிவே கூறுகின்றது. கேட்பார் இருந்தால் மாற்றலாம். எவரும் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

ஆதலின், சங்கத்துப் பெரியோர்களே! நம்மவர் ஒருவர்க்கு நியமனம் வேண்டி விண்ணப்பம் எழுத என் கை எழவில்லை. நியமனத்தால் வந்த இடம் அளித்தவர்க்கே கடன்பட்டது. அளித்தவர் நீங்கின் அதுவும் நீங்கும். நம்முள் எத்துணைப் பேர் தொடக்கப்பள்ளி ஆசிரியர் என்பதனை இவ்வவையைச் சுற்றி நோக்கினாலே அறியலாம். ஒருவர்க்கு நாற்காலி கேட்பதனினும் அவர் அனைவர்க்கும் வாக்குக் கேட்பது பெரிது. அது நம்மவர்க்கு மட்டும் கேட்பதுமன்று. எல்லாச் சமூகத்து ஆசிரியர்க்கும் கேட்பதாகும்.

நீங்கள் ஒப்பின் விண்ணப்பத்தை இவ்வாறு எழுதுவேன்: மேற்சபை வேண்டும் எனின், தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கும் அதில் வாக்கு வேண்டும், நியமன இடங்கள் சட்டம் சொல்லும் ஐந்து துறையிற் தேர்ந்தோர்க்கே செல்ல வேண்டும், இவையின்றேல் அச்சபை மீளாதிருத்தலே நன்று. ஒவ்வாதெனில், வேறொருவரைக் கொண்டு முன்னைய விண்ணப்பத்தை எழுதுவித்துக்கொள்க, யான் வருந்தேன். ஆனால் அதிற் கையொப்பம் இடுமுன், உங்களுக்கு முதன்முதல் எழுதக் கற்பித்தவர் எவர் என்பதனை ஒரு நொடி நினைந்து பாருங்கள்.