கம்பின் வலுவும் வளைவும்

கிழக்கிலங்கையின் கரையோரத்திலே கல்முனையை நடுவாகக் கொண்டு வடக்கே மருதமுனையும், தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்னும் ஊர்களும் வரிசையாக அமைந்துள்ளன. இவ்வூர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். ஏறாவூர்ப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு வரும் மட்டக்களப்பு வாவியின் தென்கோடியும் கிட்டங்கிப் புறமாகக் கல்முனையின் அயலை எட்டுகின்றது. கடல்நீரும் மழைநீரும் கலக்கும் இந்த வாவியிலும், தெற்கே பொத்துவில் வரை ஆங்காங்கே உள்ள களப்புகளிலும், கண்டல் மரங்களின் வேரடியில் வாழும் மீன்களுள் தலையாயது கொடுவா. சிங்கள மக்கள் இதனை மோதா என்பர். சந்தையிலே இதற்கு உள்ள மதிப்பை மீன் வாங்குவோர் யாவரும் அறிவர்.

இப்பகுதியின் மீன்பிடித் தொழிலுக்கு வலையும் தோணியுமே முதுகெலும்பு. எனினும் தூண்டில் போடுவாரும் என்றும் இருந்து வந்துள்ளனர். வாப்பா வைத்திருந்த மூங்கிற்கம்பிலே இறாலைக் கோத்துப் போட்ட காலம் மாறி, மகன் கரிநாராலான கம்பையும், சுழல் உருளையையும், மீன் வடிவிலே செய்த பொய்யிரையையும் கையில் எடுக்கும் காலம் வந்துள்ளது. கருவி மாறியபோது அதனைப் பற்றிய அறிவும் மாற வேண்டும் அன்றோ? அது பெரும்பாலும் மாறவில்லை என்பதே குறை.

இளைஞர் ஒருவர் கம்பு வாங்கக் கடைக்குச் செல்கிறார். “காக்கா, பெரிய கொடுவாவுக்குத் தாங்கிற கம்பு ஒண்டு தாங்க” என்று கேட்கிறார். கடைக்காரர் அறிந்தவராயின், “மீன் இருக்கட்டும் தம்பி, என்ன இரை எறியப் போறீங்க?” என்று திருப்பிக் கேட்பார். அந்த ஒரு கேள்வியிலே இக்கலையின் அடிப்படை முழுவதும் அடங்கியிருக்கிறது. கம்பைத் தெரிவு செய்ய வேண்டியது மீனின் பருமனைக் கொண்டு அன்று. இரையின் எடையையும் அதிலுள்ள முள்ளின் தன்மையையும் கொண்டேயாகும். இதற்குக் காரணம் என்ன என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

தூண்டிற்கம்புக்கு இரண்டு இயல்புகள் உண்டு. ஒன்று வலு, மற்றொன்று வளைவு. பலரும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவர். கம்பை வளைப்பதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பது வலு. அவ்வாறு வளையும்போது கம்பின் எப்பகுதி வளைகிறது என்பது வளைவு. தென்னை ஈர்க்கு ஒன்றைக் கையிற் பிடித்து அசைத்தால் அதன் நுனி வளையும், அடி அசையாது. ஒரே தடிப்புடைய பிரம்பை அசைத்தால் அடியிலிருந்து நுனி வரை வில்லாக வளையும். கம்புகளும் இவ்வாறே. நுனியிலே மூன்றில் ஒரு பங்கு மாத்திரம் வளைவது நுனிவளைவு. பாதி வரை வளைவது இடைவளைவு. கைப்பிடி வரை வளைவது அடிவளைவு. மென்மையான கம்பிலும் நுனிவளைவு இருக்கலாம். வன்மையான கம்பிலும் இடைவளைவு இருக்கலாம். ஒன்றைக் கொண்டு மற்றதை ஊகித்தல் ஆகாது.

இதனைச் சோதித்து அறிவதும் எளிது. கம்பின் வளையங்களினூடாக நூலைச் செலுத்தி, அதன் நுனியிலே அரைக் கிலோ சீனிப் பையைக் கட்டித் தூக்குக. எங்கே வளைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பின்னர் அதே எடையை வேறொரு கம்பிலே கட்டித் தூக்கினால், எந்தக் கம்பு குறைவாக வளைகிறதோ அதுவே வலு மிக்கது.

இனி, வலுவுக்கும் இரையின் எடைக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். எறியும்போது கம்பு பின்னோக்கி வளைந்து, வில்லைப் போல விசையைச் சேர்த்து, பின் நிமிர்ந்து இரையை வீசுகிறது. இரை மிகவும் இலேசாக இருந்தால் வலுவான கம்பு வளையவே மாட்டாது. இரை சில பாகம் சென்று விழுந்துவிடும். இரை அளவுக்கு மிஞ்சிய பாரமாயின் மென்மையான கம்பு முறிந்துவிடவும் கூடும். ஆதலின் கம்பு செய்வோர் அதன் கைப்பிடிக்கு மேலே எத்தனை கிராம் எடையுள்ள இரைக்கு ஏற்றது என்று பொறித்து விடுகின்றனர். பொதுவாக, நடுத்தர வலுவுள்ள கம்பு 7 முதல் 21 கிராம் வரையும், அதற்கு ஒருபடி மேலானது 10 முதல் 28 கிராம் வரையும், வன்மையானது 14 முதல் 42 கிராம் வரையும் எறிய ஏற்றவை. அந்தச் சிறு எழுத்தை வாசியாது கம்பு வாங்குவது, அளவு பாராமற் செருப்பு வாங்குவதை ஒக்கும்.

இந்த அறிவு வளர்ந்த வரலாறும் சுவையானது. வட அமெரிக்க ஏரிகளிலே பாஸ் என்னும் பெருவாய் மீன் உண்டு. 1932 ஆம் ஆண்டிலே ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்பவர் 10 கிலோகிராமுக்குச் சற்று அதிகமான பாஸ் மீனொன்றைப் பொய்யிரையாற் பிடித்தார். 2009 ஆம் ஆண்டில் ஜப்பானின் பீவா ஏரியிலே மனாபு குரித்தா என்பவர் அதற்குச் சமமான ஒன்றைப் பிடிக்கும் வரை, அந்தச் சாதனையை எவரும் எட்டவில்லை. பின்லாந்திலே லௌரி ரப்பாலா என்னும் ஏழை மீனவர், காயமுற்றுத் தள்ளாடி நீந்தும் சிறு மீனையே பெரிய மீன் முதலிற் பாய்ந்து பிடிப்பதைக் கவனித்தார். 1936 ஆம் ஆண்டிலே அவர் தக்கையைச் செருப்புத் தைப்போர் கத்தியாற் செதுக்கி, சொக்கலேற் சுற்றிய தகட்டுத்தாளைப் போர்த்தி, அவ்வாறே தள்ளாடும் பொய்யிரை ஒன்றை ஆக்கினார். இரைகள் பலவாகப் பெருகவே, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற கம்பும் பிறந்தது. மூங்கிலுக்குப் பின் 1940 களிற் கண்ணாடிநார்க் கம்பும், 1970 களிற் கரிநார்க் கம்பும் வந்தன.

கொடுவாவை ஆங்கிலத்தில் ஆசியக் கடற்பாஸ் என்று வழங்குவர். அமெரிக்கப் பாஸ் வேறு குடும்பம். கொடுவா வேறு குடும்பம். ஆயினும் இரை கொள்ளும் முறையில் இரண்டும் ஒத்தவை. மறைவிடத்திற் பதுங்கியிருந்து, வாயைத் திடீரெனத் திறந்து, நீரோடு இரையையும் உறிஞ்சிக் கொள்ளும். அதனாற் பாஸ் மீனுக்கென வகுத்த கம்பு விதிகள் கொடுவாவுக்கும் பெரும்பாலும் பொருந்துகின்றன. கொடுவாவுக்குத் தனியே உரிய இயல்புகள் சிலவும் உண்டு. முள்ளிற் பட்டவுடன் நீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். செவுள் மூடியின் விளிம்பு கத்திபோற் கூரியது. 1790 ஆம் ஆண்டில் இம்மீனுக்கு அறிவியற் பெயர் சூட்டிய புளொக் என்னும் ஜெர்மானிய அறிஞர், ‘குதிமுள் தாங்கியது’ எனப் பொருள்படும் சொல்லையே தெரிந்தெடுத்தார். ஆதலின் இரைக்கு முன்னே தடித்த தங்கூசி இரண்டு முழமாவது கட்டுதல் இன்றியமையாதது.

இரைகளுள் முதலாவது, நீருக்குள் அமிழ்ந்து ஆடிச் செல்லும் மீன்வடிவ இரை. இதிலே மூன்று கவர் கொண்ட சிறு முட்கள் இரண்டோ மூன்றோ தொங்கும். இம்முட்கள் மெல்லியவை; கூரியவை. இலேசாக இழுத்தாலே தைத்துவிடும். ஆனால் ஆழமாகத் தைப்பதில்லை. கம்பு விறைப்பாக இருந்தால், மீன் துள்ளித் தலையை உதறும்போது முள் சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கம்பு பாதி வரை வளைந்து கொடுத்தால், அந்த உதறலைக் கம்பே தாங்கிக் கொள்ளும். மேலும், மீன் இரையை முழுமையாக உறிஞ்சும் வரை ஒரு கணம் பொறுப்பதும் வளையும் கம்பே. ஆகவே இவ்விரைக்கு நடுத்தர வலுவும் இடைவளைவும் வேண்டும். பழைய கண்ணாடிநார்க் கம்பு இதற்கு இன்றும் நன்கு உதவும்.

இரண்டாவது, ஈயத்தலையும் மென்மையான இறப்பர் உடலும் கொண்ட இரை. இதிலுள்ள முள் ஒன்றே, அதுவும் தடித்தது. கண்டல் வேரடியிலே அடித்தளத்தைத் தொட்டுத் தொட்டு இதனை இழுக்க வேண்டும். மீன் தீண்டுவது சிறு தட்டுப்போலவே கைக்குத் தெரியும். அதை உணர்ந்தவுடன் தடித்த முள்ளைத் தாடையிலே ஏற்றவும், மீன் வேருக்குள் புகுமுன் அதனைத் திருப்பவும் வேண்டும். வளைந்து கொடுக்கும் கம்பாயின் இழுத்த விசை முழுவதும் கம்பிலேயே தங்கிவிடும். முள்ளைச் சென்று சேராது. ஆகவே இங்கே நடுத்தரத்திற்கு மேற்பட்ட வலுவும் நுனிவளைவும் உடைய கம்பே ஏற்றது.

மூன்றாவது, நீர்மேல் மிதந்து, சுண்டும்போது சளசளக்கும் இரை. விடியற்பொழுதிலும் அந்திப்பொழுதிலும் நீர் அமைதியாக உள்ளபோது இது பயன்படும். நுனி சற்று இளக்கமாக இருந்தாற்றான் இரையை அழகாக ஆட்டலாம். இங்கே பலர் இழைக்கும் தவறு அவசரம். மீன் பாய்ந்த ஓசை கேட்டவுடன் இழுத்துவிட்டால், இரை மீனின் வாயிலிருந்து பறிபோகும். மீனின் பாரம் கையில் தெரிந்த பின்னரே இழுக்க வேண்டும்.

நான்காவது, வயற்புறக் குளங்களில் அல்லியும் பாசியும் மூடிய நீரிலே விராலுக்கு எறியும் தவளை இரை. இதன் இரட்டை முள் தவளையின் உடலோடு ஒட்டி மறைந்திருக்கும். வன்மையான கம்பும் பின்னல் நூலும் இல்லாவிடின் மீனைப் பாசியிலிருந்து பிரித்தெடுத்தல் அரிது. ஐந்தாவது, கடற்கரையில் நின்று பாரைக்கும் சீலாவுக்கும் எறியும் உலோகத் தகடு. அலையைக் கடந்து எறிய வேண்டியிருத்தலின் 9 முதல் 11 அடி வரை நீண்ட கம்பு தேவை. சீலாவின் பல் நூலை அறுக்குமாதலின் இரைக்கு முன்னே கம்பித் துண்டு கட்டுதல் நன்று.

கம்பும் இரையும் பொருந்தினாலும் நூல் பொருந்தாவிடின் பயன் குறையும். தங்கூசி இழுத்தால் நீளும். பின்னல் நூல் ஏறத்தாழ நீளாது. முக்கவர் முள்ளுக்கு விறைப்பான கம்பே கையிலுள்ளதாயின், பின்னல் நூலை விடுத்துத் தங்கூசியைக் கட்டினால் குறை ஓரளவு நீங்கும். கம்பு, நூல், முள் மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒன்று விறைத்தால் மற்றொன்று நெகிழ வேண்டும்.

ஐந்து இரைக்கு ஐந்து கம்பு வாங்கும் வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஒன்றே வாங்கக் கூடியவர், ஏழு அடி நீளமும், நடுத்தர வலுவும், நுனிக்கும் இடைக்கும் நடுவான வளைவும் உடைய கம்பை வாங்குக. பின்னர் அக்கம்புக்கு ஏற்றபடி 10 முதல் 20 கிராம் வரையுள்ள இரைகளை மாத்திரம் சேர்த்துக் கொள்க. கம்புக்கு ஏற்ப இரையைத் தெரிவதும் பொருத்தமே. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதே வீண் செலவு.

களப்பிலே தூண்டில் எறிவோர் நினைவிற் கொள்ள வேண்டியது மற்றொன்றும் உண்டு. அங்கே வலை கட்டிச் சீவிப்போர் பலர். முக்கவர் முள் ஒரு முறை வலையிற் சிக்கினால், அதை எடுப்பதற்குள் பல கண்ணிகள் அறுந்துவிடும். பொழுதுபோக்காக எறிபவருடைய இரையின் விலையை விட அந்த வலை ஒரு குடும்பத்தின் அன்றைய சோற்றுக்கு நெருக்கமானது. மிதப்புக்கட்டை தெரியும் பக்கம் இரையை எறியாதிருத்தலே முறை.

இவை யாவும் ஒரு மீனைத் தப்பவிடாமற் பிடிப்பதற்கான சூழ்ச்சிகள் மாத்திரம் என எண்ணலாகாது. கொடுவாவின் வாழ்க்கை விந்தையானது. அது பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்கிறது. சில ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 80 முதல் 100 சென்ரிமீற்றர் வரை வளர்ந்த பின் பெண்ணாக மாறுகிறது. ஆகவே வாவியிலுள்ள மிகப் பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய யாவும் தாய்மீன்களே. முகத்துவாரத்தை நாடிச் சென்று, ஒரு தாய் பல இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலே 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும், பொதுவாக 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கொடுவாவையும் நீரில் விட்டுவிட வேண்டும் என விதித்திருப்பது இதனாலேயாம். குஞ்சும் தாயும் தப்பினாற்றான் நடுவிலுள்ளது கிடைக்கும்.

பெரிய கொடுவாவைத் திருப்பி விட விரும்புவோருக்கும் கம்பின் பொருத்தமே துணை செய்கிறது. வலுக் குறைந்த கம்பிலே நீண்ட நேரம் இழுபட்ட மீன் களைத்துப் போய், விட்ட பின்னும் மாண்டுவிடலாம். வலு மிகுந்த கம்பினால் நூல் அறுந்தாலோ, வாயிலே முள்ளோடும் பொய்யிரையோடும் மீன் ஓடிவிடும். அது கரைக்கும் உதவாது, வாவிக்கும் உதவாது. பொருத்தமான கம்போ மீனை விரைவிற் கரைசேர்க்கும். நனைந்த கையால் வயிற்றையும் தாங்கிப் பிடித்து, முள்ளைக் கழற்றி, தலையை நீரோட்டத்தை நோக்கிச் சிறிது நேரம் வைத்திருந்தால், மீன் வாலை ஒருமுறை அடித்துத் தானே செல்லும். வாடைக் காலத்திலே வாவி பெருகி முகத்துவாரம் வெட்டுப்படும்போது முட்டையிடப் போகும் தாய்களுள் அதுவும் ஒன்றாக இருக்கலாம்.