இதயத் தசைக்கும் குடும்ப வரலாறு உண்டு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இதய நோய் என்றால் கொழுப்பு, சர்க்கரை, புகை என்று நாம் எல்லோருமே சொல்லிவிடுவோம். இதயத் தசையே பிறவியில் கோளாறாக அமைவதும் உண்டு. கருவில் அந்தத் தசை முதலில் பஞ்சுபோல் இருக்கும், பிறகு இறுகும். சில குழந்தைகளுக்கு இறுகாமலே நின்றுவிடும். அவர்களில் சிலருக்கு இதயச் சுவரில் ஓட்டையோ வால்வுக் கோளாறோ சேர்ந்தே இருக்கும். வேறு சிலருக்குப் பரம்பரையாகத் தசை தடிக்கும், அல்லது தளர்ந்து விரியும்.

இது எங்கோ நடக்கிற கதை இல்லை. ஹைதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனத்தின் கே. தங்கராஜ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணி உள்ளிட்ட குழு 2009இல் ஒரு முடிவை வெளியிட்டது. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம், நம் துணைக்கண்டத்தில் 100 பேரில் சுமார் 4 பேருக்கு இருக்கிறது. அவர்களுக்கு இதயத் தசைநோய் வரும் வாய்ப்பு அதிகம்.

பதற வேண்டாம். அந்த மாற்றம் உள்ள பலர் நலமாகவே இருக்கிறார்கள். நோய் வந்தாலும் பெரும்பாலும் நடுவயதுக்கு மேல்தான். ஆனால் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் சிறுவயதிலேயே கடுமையாகலாம். சொந்தத்திலேயே பெண் கொடுத்து எடுக்கிற குடும்பங்கள் இதை யோசிக்க வேண்டும்.

எதைக் கவனிப்பது? பால் குடிக்கும்போது குழந்தைக்கு வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, எடை ஏறாதது, உதடு நீலமாவது. பெரிய பிள்ளைகள் ஓடியாடும்போது மயங்கி விழுந்தால், "வெயில் தாங்கவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் வலியில்லாத சோதனைகள். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மதுரை இராஜாஜி மருத்துவமனையும் நமக்குப் பக்கம்தான். குழந்தைகளின் இதய அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் உதவும். தகுதியுள்ளவர்கள் அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவு வீட்டுப் பெரியவர்களிடம், "நம் வகையறாவில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர் யாராவது உண்டா?" என்று கேளுங்கள். உண்டு என்றால் அதைக் குறித்து வைத்து, மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லோரும் ஒரு தடவை எக்கோ பார்த்துக்கொள்வது நல்லது. காற்றுகருப்பு அடித்தது என்று மூடி வைத்த ஒரு சாவு, இன்னொரு பிள்ளையைக் காப்பாற்றக்கூடும்.